செத்தால்தான் மறப்பான்: ஜார்ஜ் ஜோன்ஸ் பாட விரும்பாத பாட்டின் கதை

சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்று ஒருவன் ஒருத்தியிடம் சொல்கிறான். போகப்போக மறந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். வருடங்கள் ஓடுகின்றன. அவள் படம் சுவரிலிருந்து இறங்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் 1962 தேதியிட்ட கடிதங்கள். அவற்றில் ‘ஐ லவ் யூ’ வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறான். இதையெல்லாம் நமக்குச் சொல்லும் நண்பன், இன்றைக்கு அவனைப் பார்க்கப் போயிருக்கிறான். கண்ணீரைக் காணோம். எங்கோ கிளம்புகிறவனைப் போல நன்றாக உடுத்தியிருக்கிறான். பல வருடங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு. பல்லவி அதற்குப் பிறகுதான் வருகிறது: இன்றோடு அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான், வாசல் கதவில் மலர்வளையம் மாட்டியாகிவிட்டது, இனி தூக்கிப்போக வேண்டியதுதான்.

‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’ என்ற இந்தப் பாட்டை அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி, எபிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1980 ஏப்ரலில் வெளியிட்டது. ஜூலையில் பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது; கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களில் வேர்விட்ட, நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை. அங்கே இருந்தது ஒரே வாரம்தான். ஆனாலும் அமெரிக்க கன்ட்ரி இசையின் ஆகச்சிறந்த பாட்டு எது என்று யார் பட்டியல் போட்டாலும் இது மேலேயே இருக்கும்; பல பட்டியல்களில் முதல் பாட்டே இதுதான்.

பாட்டோடு ஒட்டிக்கொண்ட விளக்கம் ஒன்று உண்டு. ஜோன்ஸும் பாடகி டாமி வைனெட்டும் 1969இல் கல்யாணம் செய்து, 1975இல் விவாகரத்து செய்தவர்கள். அந்தப் பிரிவில் நொறுங்கிப்போன மனிதர் தன் சொந்தக் கதையையே பாடிவிட்டார் என்பதுதான் அந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டுக்குள் இருக்கும் ஒரு தேதியே இதற்கு இடம் கொடுக்கவில்லை. கடிதங்களின் வருடம் 1962. டாமி வைனெட் பாட்டு வாய்ப்புத் தேடி, கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் வந்து சேர்ந்ததே 1966இல். அது மட்டுமில்லை, பாட்டை எழுதியவர் ஜோன்ஸ் கிடையாது. அதைப் பாட அவருக்கு விருப்பமும் கிடையாது. என் பார்வையில் இது வாழ்ந்து எழுதிய சோகம் இல்லை. வேலை தெரிந்த சிலர் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, மறுபடி திருத்திச் செய்த சோகம். பாடியவரின் வாழ்க்கை அதற்குள் வந்து குடியேறியது பிறகுதான்.

எழுதியவர்கள் இரண்டு பேர். பாபி பிராடக் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர். கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸின் குழுவில் பியானோ வாசித்தவர். கர்லி புட்மன் அலபாமாக்காரர். இருவரும் ட்ரீ என்ற பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தவர்கள். நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது அலுவலக வேலை மாதிரி. காலையில் ஓர் அறைக்குள் இரண்டு பேர் கிடாருடன் உட்காருவார்கள். பாட்டு முடிந்ததும் செலவில்லாமல் ஒரு மாதிரிப் பதிவு எடுப்பார்கள். அதைப் பதிப்பகத்து ஆட்கள் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார்கள். யாருக்குப் பிடிக்கிறதோ அவர் தன் பாடகருக்கு எடுத்துக்கொள்வார். எழுதியவரின் மனைவி ஓடிப்போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை.

இந்த இருவருக்கும் ஏற்கெனவே ஒரு வித்தை கைவந்திருந்தது: முக்கியமான சங்கதியைக் கடைசிவரை மறைத்து வைப்பது. 1960களில் புட்மன் எழுதிய ‘கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ பாட்டில் ஒருவன் ரயிலை விட்டு இறங்கிச் சொந்த ஊருக்கு வருகிறான். அப்பா, அம்மா, காதலி எல்லோரும் எதிர்கொண்டு வருகிறார்கள். பாட்டின் கடைசியில்தான் தெரியும், அது கனவு. அவன் கண் விழிப்பது சிறை அறையில், விடிந்தால் மரண தண்டனை. ஊருக்கு அவன் திரும்புவது புல்லுக்கடியில் புதைக்கப்படுவதற்குத்தான். போர்ட்டர் வேகனர், டாம் ஜோன்ஸ் எனப் பலர் பாடி உலகம் முழுக்கப் போன பாட்டு அது. பிராடக்கும் புட்மனும் சேர்ந்து எழுதி 1968இல் டாமி வைனெட் பாடிய இன்னொரு பாட்டில், ஒரு தாய் தன் குழந்தைக்குப் புரியக்கூடாது என்பதற்காக விவாகரத்து என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டியே சொல்வாள். அதுவும் முதலிடம் பிடித்தது.

ஆக, 1970களின் பிற்பகுதியில் இந்த இருவர் உட்கார்ந்து, ‘காதலிப்பதை நிறுத்திவிட்டான்’ என்ற வரியைத் தலைப்பாக வைத்து, அதற்கு ‘செத்துப்போனான்’ என்று பொருள் வரும்படி ஒரு பாட்டு கட்டினால் அதில் ஆச்சரியமில்லை. அது அவர்களுடைய வழக்கமான கைவேலை. முதலில் அதைப் பதிவு செய்தவர் ஜானி ரஸ்ஸல். பருத்த உடம்பும் நகைச்சுவைப் பேச்சுமாக இருந்த அந்தப் பாடகரின் பதிவை நிறுவனம் வெளியிடவில்லை. அதோடு பாட்டு அலமாரிக்குள் போயிருக்கலாம்.

போகாமல் பிடித்தவர் பில்லி ஷெரில். எபிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர், அலபாமாவில் ஒரு போதகரின் மகன். டாமி வைனெட்டைக் கண்டெடுத்தவரும், அவருடன் சேர்ந்து ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ எழுதியவரும் இவர்தான். கன்ட்ரி என்றால் பிடிலும் ஸ்டீல் கிடாரும் போதும் என்று நினைத்த பழைய ரசிகர்களுக்கு ஷெரிலைக் கண்டாலே ஆகாது. வயலின் கூட்டம், கோரஸ், பியானோ என்று அடுக்கிக்கொண்டே போவார். பழையவர்கள் அதைச் சர்க்கரைப் பாகு என்று திட்டினாலும் ஷெரிலின் காது பொய் சொல்லாது. ஒரு பாட்டில் எந்த வரி வேலை செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காதுக்கு இந்தப் பாட்டு முதலில் சரிப்படவில்லை. தொடக்க வடிவங்களில் அந்த மனிதன் சீக்கிரமே செத்துப்போய்விடுகிறான், அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது என்பது அவருடைய புகார். ஆளை வேறு இடத்தில் சாகடியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் அந்தப் பெண் சாவு வீட்டுக்கு வரவேண்டும் என்றார். எழுதிக்கொண்டு வந்தார்கள், மறுபடி அனுப்பினார். திருத்தங்களை மட்டும் சேர்த்து வைத்த ஷெரிலின் நோட்டு ஓர் அங்குலத் தடிமன் இருந்தது என்று ஜோன்ஸ் தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

இந்தத் திருத்தங்களில்தான் பாட்டு பாட்டாயிற்று என்று நினைக்கிறேன். சாவை முதலிலேயே சொல்லியிருந்தால் மீதி முழுவதும் ஒப்பாரியாகப் போயிருக்கும். இப்போதுள்ள வடிவில், படம், கடிதம், சிவப்பு அடிக்கோடு என்று ஒரு பைத்தியக்காரக் காதலைப் பற்றி நண்பன் நிதானமாகப் பேசிக்கொண்டு போகிறான். நல்ல உடுப்பும் சிரிப்பும் வரும்போது, அட, ஆள் தேறிவிட்டான் போல என்று ஒரு கணம் நமக்கே நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பல்லவி அதைப் பறிக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் உடலைப் பதப்படுத்தி, கோட்டு மாட்டி, முகத்தைச் சரிசெய்து, பெட்டியைத் திறந்து வைப்பது வழக்கம். சாவு நடந்த வீட்டு வாசலில் மலர்வளையம் தொங்கவிடும் பழக்கமும் அங்கே இருந்தது. இது தெரிந்தவருக்கு அந்தச் சிரிப்பில் இன்னொரு கசப்பும் உண்டு. அது அவனுடைய சிரிப்பா, சவ ஒப்பனை செய்தவர் வரைந்த சிரிப்பா? பாட்டு அதற்குப் பதில் சொல்லவில்லை. நல்லவேளை.

அந்தப் பெண்ணின் வருகைக்கு நான்கே வரிகள்தான், அதுவும் பாட்டாக இல்லை, பேச்சாக. கன்ட்ரி இசையில் பாட்டின் நடுவே பேசுவது பழைய மரபு. ஹாங்க் வில்லியம்ஸ் இதற்கென்றே ‘லூக் தி டிரிஃப்டர்’ என்ற வேறு பெயரில் பேச்சுப் பாட்டுகள் வெளியிட்டவர். பெரும்பாலும் அந்தப் பேச்சில் உபதேசமோ அழுகையோ இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. அவனைக் கடைசியாகப் பார்க்க அவள் வந்தாள், வருவாளா என்று எங்கள் எல்லோருக்கும் சந்தேகம்தான் என்கிறான் நண்பன். பிறகு, இந்த முறை அவன் அவளை நிஜமாகவே மறந்துவிட்டான் என்று தனக்குள் ஓடிய நினைப்பைச் சொல்கிறான். அவள் அழுதாளா, ஏதாவது சொன்னாளா, அவளுக்கு வருத்தம் இருந்ததா, ஒன்றும் தெரியாது. சாவு வீட்டு வாசலில் நின்று இருவர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் தொனி. கொஞ்சம் குறும்புகூட அதில் இருக்கிறது.

சரி, இதைப் பாட வேண்டியவர் அப்போது எந்த நிலைமையில் இருந்தார்?

ஜார்ஜ் ஜோன்ஸ் 1931இல் கிழக்கு டெக்ஸாஸின் சாரடோகாவில் பிறந்தவர். அப்பா பெருங்குடிகாரர், போதையில் பாதி ராத்திரியில் பிள்ளையை எழுப்பிப் பாடச் சொல்லுவார். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். ஒன்பது வயதில் கையில் கிடார் வந்தது, சிறுவயதிலேயே பியூமான்ட் நகரத் தெருக்களில் பாடிக் காசு சேர்த்தார். 1955இல் முதல் வெற்றி, 1959இல் ‘ஒயிட் லைட்னிங்’ பாட்டுடன் முதல் முதலிடம். குடியும் கூடவே வளர்ந்தது. கடைக்குப் போய்விடக்கூடாது என்று மனைவி கார் சாவிகளையெல்லாம் ஒளித்துவைக்க, புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே எட்டு மைல் தள்ளியிருந்த மதுக்கடைக்குப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். பலர் இதை டாமி வைனெட் காலத்துக் கதையாகச் சொல்வார்கள். ஜோன்ஸ் சொன்னது முந்தைய மனைவி இருந்த காலத்தை.

1970களின் கடைசியில் கோகெயினும் சேர்ந்துகொண்டது. டிக்கெட் விற்ற நிகழ்ச்சிகளுக்கு வராமல் போய்ப் போய், ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்றே பெயர் வாங்கினார். வழக்குகள், கடன், 1978இல் திவால். 1979இல் அலபாமாவில் மருத்துவமனை வாசம். டொனால்டு டக் போல ஒரு குரல் தனக்குள் பேச ஆரம்பித்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். சில நாள் மேடையிலும் அந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார். தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது கடைசியாக 1974இல். ஐம்பதை நெருங்கும், நம்பி வேலை கொடுக்க முடியாத ஒரு பாடகர் என்பதுதான் அப்போதைய மதிப்பு.

பாட்டைக் கேட்டதும் அவருக்கு ஆகவில்லை. இவ்வளவு சாவு வாடை வீசும் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னார். ரொம்ப நீளம், ரொம்பச் சோகம், ரேடியோவில் போடமாட்டார்கள் என்பது அவர் வாதம். பிடிக்காததை மனதில் ஏற்றிக்கொள்வதும் கஷ்டம்தானே. இதன் வரிகளை, கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனின் ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்’ மெட்டிலேயே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார் என்று ஷெரில் சொல்வார். அது வேறு பாட்டின் மெட்டு என்று சொன்னால், அந்த மெட்டுதான் நன்றாக இருக்கிறது என்று பதில் வருமாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த நான்கு பேச்சு வரிகள். எவ்வளவு குடித்திருந்தாலும் ஜோன்ஸால் பாட முடியும். குரல் இழுப்பதும் வளைவதும் அவருடைய பாணியோடு கலந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் பேசினால் நாக்குக் குழறுவது அப்படியே தெரிந்துவிடும். நான்கு எளிய வரிகளைப் பேசும் அளவுக்குக்கூடத் தெளிவாக ஷெரிலால் என்னைப் பிடிக்க முடியவில்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். முதல் சரணத்துக்கும் பேச்சு வரிகளுக்கும் இடையில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது என்பது அவர் சொல்லும் கணக்கு. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்; நல்ல கதையைத் தேதி பார்த்துக் கெடுக்கும் வழக்கம் நாஷ்வில்லில் இல்லை. ஒன்று நிச்சயம். வெளிவந்த பதிவில் அந்த வரிகளில் தடுமாற்றம் துளியும் கிடையாது.

பதிவை இப்போது கேட்டாலும் முதலில் தட்டுப்படுவது அடக்கம்தான். ஜோன்ஸ் மிகத் தாழ்வாகத் தொடங்குகிறார், பாதி பேச்சு, பாதி பாட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது அவர் வழக்கம். சொற்கள் இறுக்கமாக வெளிவரும். சார்லி மக்காயின் மவுத் ஆர்கன் தூரத்தில் எங்கோ கேட்கிறது. பாட்டு நகர நகரச் சுருதி ஒரு படி ஏறுகிறது. பல்லவியில்தான் ஷெரில் கதவைத் திறக்கிறார். வயலின்கள் படிப்படியாக ஏறுகின்றன, அவற்றோடு சேர்ந்து ஜோன்ஸின் குரலும் மேலே போகிறது. பேச்சுப் பகுதியில் அவருக்குப் பின்னால் வார்த்தை இல்லாமல் ஒரு பெண் குரல் உயரத்தில் மிதக்கிறது. அது மில்லி கிர்க்கம், எல்விஸ் பிரெஸ்லியின் பதிவுகளிலும் பாடியவர். அந்தக் குரல் அவளா, அவனுடைய ஆவியா என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது உண்டு. எனக்கென்னவோ ஷெரில் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார் என்று படுகிறது. அங்கே ஓர் இடைவெளி இருந்தது, நிரப்பினார். ஷெரிலின் அடுக்குகளைச் சர்க்கரை என்று சொன்னவர்கள்கூட இந்தப் பாட்டில் அவற்றின் மேல் கை வைப்பதில்லை. கீழே ஜோன்ஸ் அழாமல் பாடுகிறார், அழுகையை வயலின்கள் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு பேரும் அழுதிருந்தால் தாங்கியிருக்காது.

வெளிவந்த நேரமும் கவனிக்க வேண்டியது. 1980 கோடையில்தான் ‘அர்பன் கௌபாய்’ படம் வந்தது. இயந்திர எருதின் மேல் ஜான் ட்ரவோல்டா சவாரி செய்தார். நகரத்து இளைஞர்கள் கௌபாய் தொப்பி வாங்கினார்கள். கன்ட்ரி இசை பாப் இசையின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மலர்வளையமும் சவப்பெட்டியுமாக ஒரு பாட்டு மேலே ஏறியது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1980, 1981 இரண்டு ஆண்டுகளிலும் இதையே ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. ஒரே பாட்டுக்கு அடுத்தடுத்த வருடம் அந்த விருது கிடைப்பது அபூர்வம். ஜோன்ஸுக்கு கிராமியும் வந்தது. பின்னால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது.

காசு விஷயத்தை ஜோன்ஸே பச்சையாகச் சொல்லியிருக்கிறார். வருவாரோ மாட்டாரோ என்று பயந்து 2,500 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது 25,000 டாலரும் வசூலில் பங்கும் கொடுக்கத் தயாரானார்கள். நாற்பது வருடத் தொழிலை ஒரு மூன்று நிமிடப் பாட்டு காப்பாற்றிவிட்டது என்று எழுதினார்.

டாமி வைனெட் கதை பாட்டோடு ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகும் இருவரும் சேர்ந்து பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1976இல் அவர்கள் பாடிய ‘கோல்டன் ரிங்’, அடகுக்கடையில் வாங்கிய ஒரு கல்யாண மோதிரம் மறுபடி அடகுக்கடைக்கே திரும்பும் கதை. அதை எழுதியவர்களில் ஒருவரும் பாபி பிராடக்தான். அதுவும் முதலிடம் போனது. 1980இல் இருவரும் மறுபடி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள், அதற்குள் டாமி இன்னொருவரை மணந்திருந்தார். இவர்கள் என்ன பாடினாலும் அதை இவர்கள் வாழ்க்கையாகவே கேட்க ரசிகர்கள் பல வருடமாகப் பழகியிருந்தார்கள். நிறுவனமும் அந்தப் பழக்கத்தை வளர்த்தது, விற்பனைக்கு நல்லது. இந்தப் பாட்டையும் அப்படியே கேட்டார்கள். 1962 என்ற தேதியை யாரும் சட்டை செய்யவில்லை.

பாட்டு ஜோன்ஸின் தொழிலைக் காப்பாற்றியது, ஜோன்ஸை உடனே காப்பாற்றவில்லை. 1982இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸில் மாட்டியதைத் தொலைக்காட்சி கேமரா படம் பிடித்தது. 1983இல் மணந்துகொண்ட நான்சிதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்குக் கொண்டுவந்தவர். அதற்குப் பிறகும் 1999இல் போதையில் காரைப் பாலத்தில் மோதி உயிருக்குப் போராடினார். குடியை முழுதாக விட்டது அதன் பின்தான். 2013 ஏப்ரலில் காலமானார். நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் நடந்த இறுதிச் சடங்கில் ஆலன் ஜாக்சன் இந்தப் பாட்டைப் பாடினார். வாங்க ஆளில்லை என்று ஜோன்ஸ் சொன்ன பாட்டின் தலைப்பு இன்றைக்கு அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

எழுதியவர்களுக்கு இது அவ்வளவு புனிதமான பொருளாக இருந்ததாகத் தெரியவில்லை. இதை எழுதியபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை, பாட்டைப் பாட்டாக்கியது ஜோன்ஸின் குரலும் ஷெரிலின் தயாரிப்பும்தான் என்ற பொருளில் பிராடக் பேசியிருக்கிறார். புட்மன் 2016இல் மறைந்தார். பிராடக் எழுதுவதை விடவில்லை. 2009இல் பில்லி கரிங்டன் பாடி முதலிடம் பிடித்த ‘பீப்பிள் ஆர் கிரேஸி’ பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் அவர். மதுக்கடையில் ஓர் இளைஞனும் ஒரு கிழவரும் பேசிக்கொண்டே குடிக்கிறார்கள். பிறகு ஒருநாள் கிழவர் செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படிக்கிறான். அவர் பெரிய கோடீஸ்வரராம், பணத்தையெல்லாம் அவ்வளவாகப் பழக்கமில்லாத யாரோ ஒருவனுக்கு எழுதிவைத்துவிட்டாராம். மறுபடி ஒரு சாவு, மறுபடி அது பாட்டின் பின்பாதியில்தான். இந்தத் தடவை கேட்டவர்கள் சிரித்தார்கள்.